ரிப்போர்ட்டில் ‘நரம்புக் கட்டி’ என்று வந்திருக்கிறது: அது எப்படிப்பட்டது என்று ஸ்கேனே சொல்லிவிடுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: தொடையின் பின்பக்கம் இரண்டு வருடமாக ஒரு கட்டி, எம்ஆர்ஐ எடுத்தாயிற்று, 4.8 செ.மீ. அளவில் நரம்பு உறையிலிருந்து கிளம்பிய கட்டி, உள்ளே ஒரே சீராக இல்லை, ‘பெரும்பாலும் சாதாரணக் கட்டி, ஆனாலும் புற்றுநோய் இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது’ என்று ரிப்போர்ட். எதைப் பார்த்து இப்படி எழுதுகிறார்கள், ஏன் ஆமாம் இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், ஊசி போட்டு பயாப்சி (கட்டியிலிருந்து துளி திசு எடுத்துச் சோதிப்பது) எடுத்தால் பரவிவிடாதா என்று கேட்கிறீர்கள். என் வேலையே கை, கால், தசை, நரம்புப் படங்களைப் படித்து ரிப்போர்ட் எழுதுவதுதான், பல வருடமாக. உங்கள் படத்தைப் பார்க்காமல் உங்களுக்கு இருப்பது என்ன என்று சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். நாங்கள் படத்தில் எதைத் தேடுகிறோம், அதில் எதை எவ்வளவு நம்பலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

கட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பார்க்க வேண்டும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ‘கட்டி, காரணம் தெரியவில்லை’ என்று ஒற்றை வரியோடு வரும் சீட்டுகள்தான் அதிகம், உடம்பில் வேறெங்கும் கட்டி உண்டா, தோலில் புள்ளிகள் உண்டா என்று ஒரு வரி இருந்தால் எங்கள் பாதி வேலை முடிந்துவிடும். நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை என்று ஒரு மரபணுக் கோளாறு இருக்கிறது, ஏறத்தாழ 3000 பேரில் ஒருவருக்கு. வெளிர் காப்பி நிறத்தில் தோலில் பல திட்டுகள், அக்குளில் சின்னச் சின்னப் புள்ளிகள், தோலில் மெத்தென்ற முடிச்சுகள் என்று அதற்கு அடையாளங்கள் உண்டு. அவர்களுக்கு வாழ்நாளில் நரம்பு உறைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 8 முதல் 13 சதவீதம் வரை சொல்லப்படுகிறது. இந்தப் புற்றுநோய் வருபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்தக் கோளாறு உள்ளவர்கள்தான். சுமார் பத்தில் ஒருவர், எப்போதோ அந்த இடத்தில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்துக்கொண்டவர். இரண்டுமே இல்லாதவருக்கு, ஒற்றையாக, வருடக்கணக்கில் மெல்ல வளரும் கட்டி என்றால் அது நரம்பு உறையில் வரும் சாதாரணக் கட்டிகளான ஷ்வானோமாவாகவோ தனி நியூரோஃபைப்ரோமாவாகவோ இருக்கத்தான் மிக அதிக வாய்ப்பு, அதிலும் ஷ்வானோமா பின்னால் புற்றுநோயாக மாறுவது அரிதிலும் அரிது. ஆக ஒரே படம் இரண்டு பேரிடத்தில் இரண்டு அர்த்தம் தரும். உங்கள் கேள்வியில் தோல் திட்டுகளைப் பற்றியோ குடும்பத்தில் யாருக்காவது இருப்பது பற்றியோ ஒன்றும் இல்லை, டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

சரி, இனி படம். முதலில் இது நரம்பிலிருந்துதான் வந்ததா என்று உறுதி செய்துகொள்வோம். நரம்பின் நீளவாக்கில் படங்களை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு போனால், மெல்லிய கயிறு போல வரும் நரம்பு கட்டியின் மேல் முனையில் நுழைந்து கீழ் முனையில் வெளியேறுவது தெரியும், எலிக்கு வால் இருப்பது போல இரண்டு பக்கமும் வால். கட்டி வளர வளர, நரம்பைச் சுற்றியிருந்த கொழுப்பு இரண்டாகப் பிளந்து கட்டியின் இரு முனையிலும் வெள்ளை விளிம்பாக நிற்கும், அதற்கு ஸ்ப்ளிட் ஃபேட் சைன் என்று பெயர். நரம்பு கட்டியின் ஒரு ஓரமாக ஒதுங்கி ஓடினால் ஷ்வானோமா பக்கம் சாயலாம், நடுவிலேயே புகுந்து கலந்துவிட்டால் நியூரோஃபைப்ரோமா. இது அறுவை செய்பவருக்கு ரொம்ப முக்கியம், ஏனென்றால் ஷ்வானோமாவைப் பல நேரம் உறையைக் கீறி, நரம்பு இழைகளை ஒதுக்கிவிட்டு, பட்டாணி உரிப்பது போல வெளியே எடுத்துவிடலாம். ஆனால் கவனியுங்கள், வாலும் கொழுப்பு விளிம்பும் ‘இது நரம்பிலிருந்து வந்தது’ என்றுதான் சொல்கின்றன, ‘இது நல்லது’ என்று சொல்லவில்லை. புற்றுநோயும் அதே நரம்பிலிருந்துதான் வருகிறது, அதற்கும் வால் இருக்கலாம். கொழுப்பு விளிம்பு ஒரு பக்கம் அழிந்து, கட்டி பக்கத்துத் தசைக்குள் இறங்குவது போல இருந்தால் மட்டும் காதைத் தீட்டிக்கொள்வோம்.

நல்ல கட்டி என்று நம்ப எங்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த அடையாளம் டார்கெட் சைன். தண்ணீர் வெள்ளையாகத் தெரியும் டி2 வகை எம்ஆர்ஐ படத்தில் கட்டியைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் வெளிவட்டம் பளிச்சென்று வெள்ளையாகவும் நடு மையம் மங்கலான சாம்பலாகவும், அம்பெய்யும் பலகையைப் போல இருக்கும். காரணமில்லாமல் வருவதில்லை இது: மையத்தில் நார்ப்பொருளும் கொலாஜனும் நெருக்கமாக இருக்கின்றன, அதில் தண்ணீர் குறைவு, வெளியே கூழ் போன்ற, தண்ணீர் நிறைந்த திசு. உள்ளே இப்படி ஒழுங்கு இருக்கிறது என்றாலே செல்கள் கண்மண் தெரியாமல் பெருகவில்லை என்று அர்த்தம் கொள்ளலாம். நியூரோஃபைப்ரோமாவில் அதிகம், ஷ்வானோமாவிலும் உண்டு. தெளிவாக, கட்டி முழுவதும் தெரிந்தால் எனக்குப் பாதி பாரம் இறங்கிவிடும். ஆனால் இது ஒருவழிப் பாதை. இருந்தால் ஆறுதல், இல்லாவிட்டால் அதனால் மட்டும் ஒன்றும் முடிவாகாது, எத்தனையோ அப்பாவி ஷ்வானோமாக்களில் டார்கெட் இருக்கவே இருக்காது. இந்த ஒருவழித்தன்மையை மறந்துவிட்டு ‘டார்கெட் சைன் இல்லை, ஆகவே சந்தேகம்’ என்று எழுதப்பட்ட ரிப்போர்ட்டுகளால் பயந்துபோனவர்கள் நிறைய.

டார்கெட் இல்லாதது உண்மையிலேயே கனமாகும் இடம் ஒன்று உண்டு. மேலே சொன்ன மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கு ப்ளெக்ஸிஃபார்ம் நியூரோஃபைப்ரோமா என்று, நரம்பு முழுவதும் கொத்துக்கொத்தாகப் பின்னிய கட்டி வரும். அப்படி ஒரு படம் நினைவில் இருக்கிறது: இடுப்பிலிருந்து தொடை வரை திராட்சைக் கொத்து போல, குறுக்குவெட்டில் எண்ணிப் பார்க்க முடியாத அளவுக்கு வெள்ளை வளையங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் சாம்பல் புள்ளி. அதற்கு நடுவில் ஒன்றே ஒன்று, எலுமிச்சையை விடக் கொஞ்சம் பெரிதாக, வளையமும் இல்லாமல் புள்ளியும் இல்லாமல் ஒரே மங்கலாக உட்கார்ந்திருந்தது. ஓரம் வழவழவென்றுதான் இருந்தது, வேறு எந்தக் கெட்ட அடையாளமும் கிடையாது. கூட்டத்தில் ஒருவர் மட்டும் வேறு உடையில் நிற்பது போல, அவ்வளவுதான். அங்கே ஊசி போட்டுப் பார்த்ததில் இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, ஆனால் அந்த வழியில் நடக்கத் தொடங்கிவிட்டது என்று வந்தது. இப்படி நடுவில் நிற்பவற்றுக்கு 2017-ல் நோய்க்குறியியல் நிபுணர்கள் கூடித் தனிப் பெயரே வைத்தார்கள், இனி என்ன ஆகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத நியூரோஃபைப்ரோமா வகைக் கட்டி என்பது அதன் பொருள். ப்ளெக்ஸிஃபார்ம் கட்டிக்குள் 3 செ.மீ.க்கு மேல், தனித்து, டார்கெட் இல்லாமல் ஒரு முடிச்சு என்றால் அதைச் சும்மா விடுவதில்லை.

இனி கெட்ட பக்கம். பெரிய அளவு, மங்கலான ஓரம், கட்டியைச் சுற்றி வீக்கம் போலத் தண்ணீர்க் கோடு, கான்ட்ராஸ்ட் (திசுவைப் படத்தில் ஒளிரச் செய்யும் மருந்து) ஊசி போட்டபின் நடுவை விட்டுவிட்டு ஓரம் மட்டும் ஒளிர்வது, உள்ளே நீர்க்குழிகள், டி1 என்ற இன்னொரு வகைப் படத்திலேயே உள்ளே திட்டுத்திட்டாக இருப்பது. 2010-ல் வெளியான ஒரு ஆய்வில் இவற்றில் நான்கை எடுத்துக்கொண்டார்கள்: அளவு, ஓர ஒளிர்வு, சுற்று வீக்கம், உள் நீர்க்குழி. நான்கில் இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் புற்றுநோய் பக்கம் என்று வைத்தபோது, உண்மையான புற்றுநோய்களில் 61 சதவீதம்தான் பிடிபட்டன, சாதாரண நியூரோஃபைப்ரோமாக்களில் 90 சதவீதம் சரியாக விலக்கப்பட்டன. இந்த இரண்டு எண்களையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். பத்துப் புற்றுநோயில் நான்கு இந்தச் சல்லடையில் நழுவிவிடும். ‘ஒதுக்கிவிட முடியாது’ என்று உங்கள் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறாரே, அவர் நழுவலாக எழுதவில்லை, அந்த நான்கை மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பார். (சில சமயம் வெறும் பழக்கதோஷத்தில் எழுதுவதும் உண்டு, அதையும் மறைக்க வேண்டாம்.)

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 5 செ.மீ. என்று எல்லோரும் ஒரு கோடு போடுகிறார்கள், நீங்களும் 4.8 என்று பார்த்துவிட்டுக் கோட்டுக்கு இந்தப் பக்கம் என்று நிம்மதியோ, இவ்வளவு நெருக்கத்தில் இருக்கிறதே என்று கவலையோ படுகிறீர்கள். அந்தக் கோட்டில் காவல்காரர் யாரும் இல்லை. வயிற்றின் பின்பக்கம், இடுப்புக்குள் எல்லாம் ஷ்வானோமா யாருக்கும் தெரியாமல் பத்து செ.மீ. தாண்டியும் வளரும், இடம் தாராளமாக இருப்பதால். 3 செ.மீ. புற்றுநோயும் உண்டு.

‘உள்ளே ஒரே சீராக இல்லை’ என்ற வரிதான் உங்களைத் தூங்கவிடவில்லை என்று தோன்றுகிறது. எங்களையும் அதிகம் ஏமாற்றுவது அதுதான். ஷ்வானோமாவுக்குள் இரண்டு வகைத் திசு இருக்கும், செல்கள் நெருக்கமாக உள்ள பகுதி, நீர்த்துத் தளர்ந்த பகுதி, அந்தோனி ஏ, அந்தோனி பி என்று பெயர். அதனாலேயே படம் திட்டுத்திட்டாக வரும். வருடங்கள் ஆக ஆக உள்ளே இரத்தம் கசியும், நீர்க்குழி விழும், சுண்ணாம்பு படியும், பழைய வீட்டுச் சுவர் போல ஆகிவிடும், இதற்கு ஏன்ஷியன்ட் ஷ்வானோமா என்றே பெயர். நான் வேலைக்கு வந்த புதிதில் இப்படி ஒன்றைப் பார்த்து, குழி, இரத்தக்கசிவு, ஓர ஒளிர்வு என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதி ‘புற்றுநோயாக இருக்க வாய்ப்பு அதிகம்’ என்று முடித்தேன். பயாப்சியில் பழைய ஷ்வானோமா என்று வந்தது. மீண்டும் படத்தைத் திறந்தேன். ஓரம் முழுவதும் பென்சிலால் வரைந்தது போலச் சுத்தமான ஒரு உறை, சுற்றியிருந்த தசையில் ஒரு துளி வீக்கம் கூட இல்லை, நோயாளிக்கு அந்தக் கட்டி பத்து வருடமாக இருந்திருக்கிறது, அதையும் நான் கேட்கவில்லை. உள்ளே எவ்வளவு கலவரம் என்று பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, கட்டி தன் எல்லையை மீறியதா என்று பார்க்கவில்லை. இப்போது வெளியிலிருந்துதான் தொடங்குகிறேன்.

கான்ட்ராஸ்டில் ‘நன்றாக ஒளிர்கிறது’ என்று இருந்தால் அதற்காகப் பயப்பட வேண்டாம். ஷ்வானோமா ஒளிரும், நியூரோஃபைப்ரோமாவும் ஒளிரும்.

அப்புறம் டிஃப்யூஷன் படம். திசுவுக்குள் தண்ணீர் மூலக்கூறுகள் எவ்வளவு சுதந்திரமாக அலைகின்றன என்பதை அளப்பது இது. செல்கள் அடைசலாக இருந்தால் தண்ணீருக்கு நகர இடமில்லை, ஏடிசி என்ற எண் குறையும். கட்டியின் மிக அடைசலான இடத்தில் அந்த எண் விநாடிக்கு 0.001 சதுர மில்லிமீட்டரை ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால் சந்தேகம் கூடும், நன்றாக அதற்கு மேல் இருந்தால் ஆறுதல் கூடும். எனக்கு இது பிடிக்கும், கான்ட்ராஸ்ட் ஊசி கூடத் தேவையில்லை. ஆனாலும் இந்த எண் மெஷினுக்கு மெஷின் மாறும், அளக்கும் வட்டத்தை எங்கே வைத்தோம் என்பதைப் பொறுத்தும் மாறும், செல் நெருக்கம் மிகுந்த ஒரு வகை ஷ்வானோமாவும் எண்ணைக் கீழே இழுத்துவிடும். எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவெடுப்பவரை நான் நம்ப மாட்டேன்.

பெட் ஸ்கேன் எடுக்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். சர்க்கரையைக் கட்டி எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்ப்பது அது. நியூரோஃபைப்ரோமடோசிஸ் உள்ளவர்களிடம் அது நன்றாக வேலை செய்கிறது. எஸ்யூவி என்ற அளவு 3.5-க்கு மேல் போனால் ஊசி போட்டுப் பார்க்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு, பல கட்டிகள் இருக்கும்போது எதில் ஊசி போடுவது என்று வழிகாட்டவும் உதவும். ஆனால் அந்த வரம்பு நியூரோஃபைப்ரோமாவை மனதில் வைத்து வந்தது. ஷ்வானோமா ஒரு குறும்புக்காரக் கட்டி, முழுக்கச் சாதாரணமாக இருந்துகொண்டே சர்க்கரையை அள்ளிக் குடிக்கும், 3.5 தாண்டுவது அதற்குச் சர்வ சாதாரணம். மரபணுக் கோளாறு இல்லாமல் ஒற்றைக் கட்டி உள்ளவர் பெட் எடுத்தால், எண் குறைவாக வந்தால் கொஞ்சம் நிம்மதி, அதிகமாக வந்தால் இருந்த இடத்திலேயேதான் நிற்பீர்கள், கூடுதலாகப் பயம்தான் மிஞ்சும். உங்களுக்கு அந்தக் கோளாறு இல்லை என்றால் நான் அதை முதலில் கேட்க மாட்டேன்.

படத்தில் இல்லாத ஒன்றுக்குப் படத்தை விட மதிப்பு அதிகம், அது உங்கள் கட்டியின் நடத்தை. கட்டியைத் தொட்டாலோ தட்டினாலோ கால் வரை மின்சாரம் பாய்வது போல இருப்பது சாதாரண நரம்புக் கட்டியிலும் உண்டு. ஆனால் எதுவும் செய்யாமல் படுத்திருக்கும்போதும் விடாத வலி, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, சில வாரங்களில் கண்ணுக்குத் தெரிய வளர்ச்சி, மெத்தென்று இருந்தது கல்லாக இறுகுவது, பாதம் தூக்க முடியாமல் போவது போலப் புதிதாக வந்த பலவீனம், இவற்றில் ஒன்று இருந்தாலும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். பழைய படம் ஏதாவது இருந்தால், ஒரு அல்ட்ராசவுண்ட் ஆனாலும் சரி, தேடி எடுங்கள். இரண்டு வருட இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, ஒரு படத்தை இரண்டு மணி நேரம் பார்ப்பதை விட அதிகம் சொல்லும். குழந்தைகளிடம் ப்ளெக்ஸிஃபார்ம் கட்டி வேகமாக வளர்வது இயல்புதான், வயது வந்தவரிடம் அது திடீரென்று வேகமெடுத்தால்தான் கணக்கு வேறு.

இப்போது பயாப்சி. ஊசி பட்டால் பரவிவிடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. சரியாகத் திட்டமிட்டுச் செய்யும் ஊசி பயாப்சியால் வரும் அந்த ஆபத்து மிகச் சிறியது. ஆனாலும் ஊசி போன பாதையில் செல் ஒட்டிக்கொள்ளக் கூடும் என்பதால்தான், பின்னால் அறுவை செய்யப்போகிறவரிடமே கேட்டு, அவர் கத்தி போகும் வழியிலேயே ஊசியையும் விடுவார்கள், புற்றுநோய் என்று வந்தால் அந்தப் பாதையையும் சேர்த்து வெட்டி எடுத்துவிடலாம். நரம்புக் கட்டியில் உண்மையான சங்கடங்கள் வேறு. ஊசி நல்ல நரம்பு இழையைத் தொட்டால் சுரீரென்று வலிக்கும், அரிதாக மரத்துப்போவதோ பலவீனமோ மிஞ்சலாம், அதனால் அல்ட்ராசவுண்டில் இழை ஓடும் பக்கத்தைப் பார்த்து அதைத் தவிர்த்துப் போவார்கள். இன்னொன்று, பெரிய கட்டியில் ஒரு மூலையில் மட்டும் மாற்றம் இருந்தால் ஊசி நல்ல இடத்தைக் குத்திவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று வந்துவிடலாம். படம் தன் சம்பளத்தைச் சம்பாதிப்பது இங்கேதான், டிஃப்யூஷனில் மிக அடைசலான இடம் எது, பெட்டில் சுடர்விடும் இடம் எது என்று காட்டி ஊசியை அங்கே அனுப்புவதில்.

எல்லோருக்கும் ஊசி தேவை என்பதும் இல்லை. டார்கெட் தெளிவாக, ஓரம் சுத்தமாக, ஏடிசி நல்ல உயரத்தில், வலி இல்லாமல், பல வருடம் அதே அளவில் என்றால் சில மாதம் கழித்து மறுபடி படம் எடுத்துப் பார்ப்பதும் ஒரு வழி. நேராகப் போய் எடுத்துவிடுவதும் உண்டு. கூடாதது ஒன்றுதான், சந்தேகம் இருக்கும்போதே ‘சின்னக் கட்டிதானே’ என்று உரித்தெடுத்துவிட்டுப் பிறகு சோதனைக்கு அனுப்புவது. சாதாரணக் கட்டி என்றால் நரம்பைக் காப்பாற்றி உரிப்பார்கள், புற்றுநோய் என்றால் சுற்றியுள்ள நல்ல திசுவோடு அகலமாக எடுக்க வேண்டும், நரம்பையே விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கலாம். முதல் அறுவை தவறாகிவிட்டால் இரண்டாவது அறுவை முன்னதை விடக் கடினம்.

ஆகவே உங்கள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் கேட்பது இவைதான்: ஓரம் சுத்தமாக இருக்கிறதா, சுற்றித் தசையில் வீக்கம் உண்டா, டிஃப்யூஷன் எடுத்தார்களா, எடுத்திருந்தால் எண் என்ன. இந்த மூன்றும் எழுதப்படாமல் ‘ஒரே சீராக இல்லை’ என்பது மட்டும் இருந்தால், எழுதியவரிடமே கேட்டு வாங்கலாம், அதில் தப்பே இல்லை, நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். மென்திசுக் கட்டிகளையே தொடர்ந்து பார்க்கும் அறுவை மருத்துவரிடம் போகும்போது காகிதத்தை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், படங்கள் உள்ள சிடியையும் கொண்டு போங்கள், காகிதத்தில் இருப்பது படத்தைப் பார்த்த ஒருவரின் கருத்து, அவர் படத்தையே பார்க்கட்டும்.